வெள்ளம் வடிந்த பிறகு: வீட்டு இன்ஷூரன்ஸில் கான்ட்ராக்டர் பில் வெட்டுப்படாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் வந்தபோது முடிச்சூரில் எங்கள் வீட்டுக்குள் இரண்டரை அடித் தண்ணீர் நின்றது. நல்லவேளையாக பாலிசி இருந்தது. வீட்டுக்கடன் வாங்கும்போது வங்கிக்காரர்கள் சேர்த்துக் கட்டிவிட்டது. அதுவரை நான் அதைப் பிரித்துக்கூடப் பார்த்ததில்லை. தண்ணீர் வடிந்ததும் பழகிய கான்ட்ராக்டரைக் கூப்பிட்டேன். வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தார். டைரியில் ஒரு தாளைக் கிழித்து, "மழைச் சேத வேலை, மெட்டீரியல் லேபர் உட்பட, ரூ. 2,40,000" என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தார். அதை அப்படியே, சேதத்தை மதிப்பிட இன்ஷூரன்ஸ் நிறுவனம் அனுப்பிய சர்வேயரிடம் நீட்டினேன். கடைசியில் ஒன்றரை லட்சம்கூடத் தேறவில்லை.

கான்ட்ராக்டரின் கூலியை இன்ஷூரன்ஸ்காரர்கள் வேண்டுமென்றே வெட்டிவிட்டார்கள் என்று பல மாதம் புலம்பிக்கொண்டிருந்தேன். அடுத்த வருஷம் தங்கை வீட்டில் மொட்டைமாடித் தொட்டி உடைந்து இரண்டு அறைகள் நனைந்தபோதுதான் விஷயம் புரிந்தது. அந்த முறை எஸ்டிமேட்டை நானே உட்கார்ந்து எழுத வைத்தேன். பெரிய வெட்டு எதுவும் விழவில்லை. சர்வேயர் யாருடைய கூலியையும் வெட்டுவதில்லை. தன்னால் அளக்க முடியாததை விட்டுவிடுகிறார், அவ்வளவுதான். என் ஒற்றை வரியில் அளக்க எதுவுமே இல்லை. அதனால் அவரே டேப் பிடித்து, கண்ணில் பட்டதை மட்டும் எழுதிக்கொண்டு போனார்.

பாலிசியில் எதைப் பார்ப்பது

முதலில் பாலிசியின் பெயரைப் பாருங்கள். 2021 ஏப்ரல் 1 முதல் வீடுகளுக்கென்று 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான பாலிசி நடைமுறையில் இருக்கிறது. எந்த நிறுவனத்தில் வாங்கினாலும் அடிப்படை விதிகள் ஒன்றுதான். இங்கே நான் சொல்வது அதை வைத்துத்தான். வேறு பெயரில் பாலிசி இருந்தால் விகிதங்கள் மாறலாம். அதன் விதிகளைத் தனியாகப் படித்துக்கொள்ளுங்கள்.

பழுதுபார்க்கும் செலவு பற்றி இதில் உள்ள விதி எளிமையானது. சேதத்துக்கு முன்பு வீடு எந்த நிலையில் இருந்ததோ, ஏறத்தாழ அதே நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவைத் தருவார்கள். தீ, புயல், வெள்ளம் மட்டுமல்ல, தொட்டியோ குழாயோ உடைந்து வழிந்த சேதமும் இதில் அடங்கும். கட்டடம் என்றால் நான்கு சுவர் மட்டும் என்று நினைக்காதீர்கள். காம்பவுண்டு சுவர், கேட், செப்டிக் டேங்க், சோலார் பேனல், சுவரோடு சேர்த்துப் பொருத்திய அலமாரி என்று நிரந்தரமாகப் பொருத்தியவை எல்லாம் கட்டடக் கணக்கில் வரும். நான் மாடுலர் கிச்சனை 'வீட்டுப் பொருள்' என்று நினைத்துக் கேட்காமலே விட்டுவிட்டேன். நீங்கள் விடாதீர்கள்.

இதற்கு மேல் இரண்டு செலவுகளுக்குத் தனி வரம்பு உண்டு. ஆர்க்கிடெக்ட், கன்சல்டிங் இன்ஜினியர் போன்றோரின் கட்டணத்துக்கு க்ளெய்ம் தொகையில் 5 சதவீதம் வரை. இடிபாடுகளை அப்புறப்படுத்த 2 சதவீதம் வரை. இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கான்ட்ராக்டர் பில்லில் வரும் சிக்கல்களில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

கிடைக்காதவை எவை? வயதானதால் வந்த சேதம், கட்டும்போதே இருந்த குறை, புதுக் கட்டடம் அமர்வதால் விழும் வழக்கமான விரிசல். அப்புறம் 'எக்ஸஸ்' என்று ஒரு தொகை ஷெட்யூலில், அதாவது பாலிசியோடு வரும் விவரத்தாளில், போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது உங்கள் கையிலிருந்து போவது. வீட்டுக்கடன் நிலுவையில் இருந்தால் பாலிசியில் வங்கியின் பெயரும் இருக்கும். பணம் வங்கிக்கே போகக்கூடும். கான்ட்ராக்டருக்குத் தேதி சொல்லும் முன் வங்கிக் கிளையில் பேசி, தடையில்லாச் சான்று வாங்கிக்கொள்வது நல்லது.

சர்வேயர் வருமுன்

சேதம் தெரிந்த அன்றே நிறுவனத்துக்குச் சொல்லிவிடுங்கள். க்ளெய்ம் படிவத்தை 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் ஆணையமான ஐஆர்டிஏஐ 2024 செப்டம்பரில் வெளியிட்ட விதிகளின்படி 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை ஒதுக்க வேண்டும், 15 நாளில் அறிக்கை வர வேண்டும், அறிக்கை வந்த 7 நாளில் முடிவு சொல்ல வேண்டும். புயல் சமயத்தில் ஊரே கூப்பிடும்போது இது இழுக்கத்தான் செய்யும். ஆனாலும் தேதிகளைக் குறித்து வையுங்கள், பின்னால் உதவும்.

சர்வேயர் பார்க்கும் வரை சுவரைக் கொத்த வேண்டாம். கான்ட்ராக்டர்கள் அவசரப்படுத்துவார்கள்: "ஆள் இப்ப ஃப்ரீயா இருக்காங்க சார், அப்புறம் கிடைக்க மாட்டாங்க." அதற்காகத் தண்ணீரில் ஊறிக்கொண்டும் இருக்க முடியாது. சேதம் கூடாமல் தடுக்க வேண்டியது உங்கள் பொறுப்பும்கூட. தண்ணீரை இறைக்கலாம், சேற்றை வாரலாம், ஷார்ட் ஆகும் லைனைத் துண்டிக்கலாம். ஆனால் அதற்கு முன் ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுங்கள். நீர்மட்டக் கோடு சுவரில் தெரியும். அதன் பக்கத்தில் டேப்பை நிறுத்தி ஒரு படம் எடுங்கள். என் க்ளெய்மில் எந்தக் கேள்வியும் எழாத ஒரே ஆவணம் அந்தப் படம்தான்.

எஸ்டிமேட்: எல்லாம் இங்கேதான்

நல்ல எஸ்டிமேட்டில் ஒவ்வொரு வரியிலும் ஐந்து விஷயம் இருக்கும்: எந்த அறை, என்ன வேலை, எவ்வளவு அளவு, என்ன ரேட், மொத்தம் எவ்வளவு. பல மேஸ்திரிகளுக்கு இப்படி எழுதிப் பழக்கமில்லை. தவறு அவர்கள் பேரில் இல்லை. நாம் யாரும் கேட்டதில்லை. டேப்பையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு அவரோடு நீங்களும் அறை அறையாகப் போங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும்.

ஒரு படுக்கையறையை எடுத்துக்கொள்வோம். 12 அடிக்கு 10 அடி. நான்கு சுவரின் நீளத்தையும் கூட்டினால் 44 அடி. ஈரம் மூன்றடி வரை ஏறிப் பூச்சு உப்பியிருக்கிறது. 44 பெருக்கல் 3, 132 சதுர அடி. மூன்றடி அகலக் கதவு ஒன்று. அதற்கு 9 கழித்தால் 123. பழைய பூச்சைக் கொத்தி எடுத்து மறுபடி பூச, ஒரு பேச்சுக்கு, சதுர அடிக்கு 70 ரூபாய் என்றால் 8,610 ரூபாய். கதவைக் கழிக்க மறக்காதீர்கள். சர்வேயர் எப்படியும் கழிப்பார். நீங்களே கழித்திருந்தால் மற்ற அளவுகளை நம்புவார்.

பெயின்ட்தான் பெரிய தகராறு. சேதம் மூன்றடி வரைதான், எனவே பெயின்ட்டும் 123 சதுர அடிக்குத்தான் என்று ஒரு கணக்கு வரும். சதுர அடி 25 ரூபாய் வைத்தால் 3,075 ரூபாய். ஆனால் மூன்றடிக்குக் கீழே புது பெயின்ட், மேலே பழையது என்றால் அது பழைய நிலை ஆகுமா? பாலிசியே 'ஏறத்தாழ அதே நிலை' என்கிறதே. பத்தடி உயரத்துக்கு நான்கு சுவரும் 440 சதுர அடி. கதவுக்கு 21, ஜன்னலுக்கு 16 கழித்தால் 403. அதே ரேட்டில் 10,075 ரூபாய். ஒரே அறையில் 7,000 ரூபாய் வித்தியாசம். எஸ்டிமேட்டில் "பூச்சு மாற்றிய சுவர்களில் நிறம் ஒத்துப்போக முழு உயரத்துக்கும் பட்டி, பிரைமர், இரண்டு கோட் எமல்ஷன்" என்று காரணத்தோடு எழுத வையுங்கள். காரணம் எழுதியிருந்தால் பேச இடம் இருக்கும். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தண்ணீரே ஏறாத மாடியறைக்கும் பெயின்ட் சேர்த்தால், நியாயமான வரிகளையும் சேர்த்துச் சந்தேகப்படுவார்கள். தப்பில்லை, நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்வேன்.

தரத்தை உயர்த்துவதிலும் இதே சிக்கல். பழைய மொசைக் தரை உப்பிக்கொண்டு எழும்பிவிட்டது, இன்று அதே மொசைக் போட ஆள் கிடைப்பது கஷ்டம். அப்போது அதற்கு ஈடான சாதாரண டைல்ஸ் கேட்கலாம். 'எப்படியும் உடைக்கிறோம், கிரானைட்டே போட்டுவிடலாம்' என்று வீட்டில் ஆசைப்பட்டால் தாராளமாகப் போடுங்கள், கூடுதல் செலவு உங்களுடையது. அந்த வேலைக்கு எஸ்டிமேட்டும் பில்லும் தனியாக இருக்கட்டும். ஒரே பில்லில் இரண்டும் கலந்தால், எது க்ளெய்ம், எது ஆசை என்று பிரிக்கும் வேலை சர்வேயருக்குப் போய்விடும். அவர் உங்களுக்குச் சாதகமாகப் பிரிப்பார் என்று சொல்ல முடியாது.

கான்ட்ராக்டரின் லாபத்தை எங்கே எழுதுவது?

பலர் சறுக்கும் இடம் இது. கான்ட்ராக்டருக்கு லாபம் வேண்டும். ஆளைக் கூட்டிவர, சாரம் கட்ட, வேலையை மேற்பார்க்கச் செலவு உண்டு. அதை எஸ்டிமேட்டின் கடைசியில் "மேற்பார்வை 10%" என்றோ "சர்வீஸ் சார்ஜ்" என்றோ தனி வரியாகப் போடுவது நம் ஊர் வழக்கம். அந்த வரியைப் பார்த்ததும் சர்வேயர் இரண்டில் ஒன்று செய்யலாம். முழுவதும் அடிக்கலாம், அல்லது இன்ஜினியர் கட்டணத்துக்கு உரிய 5 சதவீதக் கூடையில் போடலாம். அப்படிப் போட்டால், நிஜமாகவே இன்ஜினியருக்குக் கொடுத்த பணத்துக்கு அங்கே இடமிருக்காது.

எனவே லாபமும் மேற்பார்வையும் ஒவ்வொரு வேலையின் ரேட்டுக்குள்ளேயே இருக்கட்டும். இதில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. மத்தியப் பொதுப்பணித் துறையான சிபிடபிள்யூடி தன் ரேட் பகுப்பாய்வில் பொருள், கூலி எல்லாம் கூட்டி, அதற்குமேல் கான்ட்ராக்டரின் லாபத்துக்கும் நிர்வாகச் செலவுக்குமாக 15 சதவீதம் சேர்த்துத்தான் ரேட்டையே நிர்ணயிக்கிறது. பொருளும் கூலியும் 60 ரூபாய் என்றால் லாபம் 9, ரேட் 69. யாராவது 'லாபத்துக்கு இன்ஷூரன்ஸ் பணம் தராது' என்று சொன்னால், அரசாங்கமே இப்படித்தான் கணக்குப் போடுகிறது என்று பணிவாகச் சொல்லுங்கள். அதற்காக 40 சதவீதம் வைத்த ரேட்டை நியாயப்படுத்த முடியாது. தமிழ்நாடு பொதுப்பணித் துறையும் ரேட் பட்டியல் வெளியிடுகிறது. அதையும் பக்கத்தில் உள்ள இன்னொரு கான்ட்ராக்டரின் கொட்டேஷனையும் வைத்துக்கொண்டால் பேச்சு சுருக்கமாக முடியும். இரண்டாவது கொட்டேஷனை முதலாமவரையே விட்டு வேறு லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்காதீர்கள். ஒரே கையெழுத்து, ஒரே எழுத்துப்பிழை. பார்ப்பவருக்குத் தெரியாதா என்ன?

இன்ஜினியர் தேவையா? பூச்சு, பெயின்ட் வேலைக்குத் தேவையில்லை. பீமில் விரிசல், கம்பி தெரிகிறது, அஸ்திவாரம் அரித்திருக்கிறது என்றால் கட்டாயம் தேவை. அவரிடம் தனி அறிக்கை, தனி ரசீது வாங்குங்கள். 3 லட்சம் ரூபாய் க்ளெய்ம் என்றால் அவருக்கு 15,000 வரை இடம் இருக்கிறது. நிறுவனம் அனுப்பும் சர்வேயருக்கு நிறுவனம்தான் கட்டணம் தரும். உங்களிடம் 'போக்குவரத்துச் செலவு' கேட்டாலும் கொடுக்க வேண்டியதில்லை.

இடிபாட்டிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அதே 3 லட்சத்துக்கு 2 சதவீதம் என்றால் 6,000 ரூபாய்தான். குட்டி யானையில் நாலு லோடு அடித்தாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும். பழைய பூச்சைக் கொத்துவது, உடைந்த டைல்ஸைப் பெயர்ப்பது எல்லாம் பழுதுவேலையின் பகுதி. அந்தக் கூலி பூச்சு ரேட்டிலும் டைல்ஸ் ரேட்டிலும் சேர்ந்திருக்க வேண்டும். வெளியே ஏற்றிப்போய்க் கொட்டுவது மட்டும் 'இடிபாடு அகற்றல்'. என் கான்ட்ராக்டர் கொத்திய கூலியையும் 'ரப்பிஷ் கிளியரிங்' என்ற பெயரில் எழுதி, மொத்தத்தையும் அந்தச் சின்னக் கூடைக்குள் தள்ளிவிட்டார்.

ஜிஎஸ்டி, பில், பணம்

மெட்டீரியலோடு சேர்த்து எடுக்கும் கட்டட வேலைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். 2 லட்சத்துக்கு 36,000. எஸ்டிமேட்டில் 'ஜிஎஸ்டி தனி' என்று எழுதாமல் பில்லில் மட்டும் சேர்த்தால், ரேட்டுக்குள் வரி அடக்கம் என்றே எடுத்துக்கொள்வார்கள். தனி வீட்டுக்காரரான நீங்கள் அந்த வரியைத் திரும்பப் பெற வழியில்லை, ஆகவே அதுவும் உங்கள் செலவுதான். முறையான வரி பில் இருந்தால் கேட்கலாம். பில்லில் உள்ள ஜிஎஸ்டி எண்ணை அரசின் ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை.

கான்ட்ராக்டருக்கு ஜிஎஸ்டி எண்ணே இல்லை என்றால் பதற வேண்டாம். ஆண்டுக்கு 20 லட்சத்துக்குள் வேலை எடுப்பவர் பதிவு செய்ய வேண்டிய கட்டாயமில்லை. நம் தெருவில் வேலை செய்யும் பல மேஸ்திரிகள் அப்படித்தான். அவர் வரி வசூலிக்கக் கூடாது, ஆனால் அவர் தரும் பில் செல்லும். பெயர், முகவரி, பான் எண், தேதி, வேலை விவரம், கையெழுத்து இருந்தால் போதும். பதிவே இல்லாமல் 18 சதவீதம் சேர்த்து எழுதும் பில்தான் ஆபத்து.

லேபர் கான்ட்ராக்ட் என்றால் சிமென்ட், டைல்ஸ், ஒயர் எல்லாம் நீங்கள் வாங்குவீர்கள். கடை பில் உங்கள் பெயரில், வீட்டு முகவரியோடு இருக்கட்டும். கூலிக்கு வாரம் ஒரு ரசீது: கொத்தனார் எத்தனை பேர், சித்தாள் எத்தனை பேர், எத்தனை நாள். துண்டுச்சீட்டில் 'பெற்றுக்கொண்டேன் 15,000' என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த வேலைக்கு என்ற கேள்வி வரும்.

பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். ஒரே வேலைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது 2017 ஏப்ரல் முதல் சட்டப்படி தடை. 'கேஷ்னா பத்து பர்சன்ட் குறைச்சுக்கறேன்' என்பவரிடம் அந்தப் பத்து சதவீதத்தை மிச்சம் பிடிக்கப் போய், க்ளெய்மில் அதைவிட அதிகமாக விடுவீர்கள். முன்பணம் 20 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். மீதி, வேலை முடிய முடிய. கடைசி 10 சதவீதத்தை ஒரு நல்ல மழை பெய்து பார்க்கும் வரை நிறுத்தி வையுங்கள். முகம் சுளிப்பார். பரவாயில்லை.

பழைய சாமான்கள் விஷயத்தை யாரும் சொல்லித் தருவதில்லை. நனைந்த கதவு, துருப்பிடித்த கிரில், பழைய செம்பு ஒயர் இவற்றுக்கு ஒரு மதிப்புப் போட்டு, 'சால்வேஜ்' என்று சர்வேயர் க்ளெய்மில் கழிப்பார். அதே சாமானைக் கான்ட்ராக்டரின் ஆட்கள் சத்தமில்லாமல் காயலான் கடைக்கு ஏற்றிவிடுவார்கள். கழித்த பணம் உங்களுடையது, விற்ற பணம் அவர்களுடையது. பழைய சாமான் யாருக்கு, அவருக்கு என்றால் பில்லில் எவ்வளவு குறைப்பார் என்று முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

"இன்ஷூரன்ஸ்தானே சார், கொஞ்சம் ஏத்திப் போட்டுக்கலாம்" என்ற பேச்சும் வரும். வேண்டாம். பொய்க் கணக்கு என்று தெரிந்தால் ஏற்றிய தொகையோடு நிற்காது, முழு க்ளெய்மும் போகும். சர்வேயர் நேராகக் கான்ட்ராக்டருக்கே போன் போட்டு "எத்தனை மூட்டை சிமென்ட் போச்சு?" என்று கேட்பதும் உண்டு.

சர்வே நாளும் அதற்குப் பிறகும்

சர்வேயர் வரும்போது கான்ட்ராக்டரும் வீட்டில் இருக்கட்டும். எஸ்டிமேட்டின் இரண்டு பிரதி, அளவு எழுதிய நோட்டு, படங்கள். ஒவ்வொரு வரியையும் சுவரில் காட்டிக்கொண்டே போங்கள். சிறிய தொகை என்றால் வீடியோ காலிலேயே முடித்துவிடுவார்கள். அப்போதும் டேப்பை வைத்துக் காட்டுங்கள். போன பிறகு, அன்று பேசியதைச் சுருக்கி ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

வேலை தொடங்கிய பிறகு புதுச் சேதம் தெரியவரும். ஸ்கர்ட்டிங்கை எடுத்தால் பின்னால் ஒயர் பைப் முழுக்கச் சேறு. அங்கேயே வேலையை நிறுத்திப் படம் எடுத்து, கூடுதல் எஸ்டிமேட்டைச் சர்வேயருக்கு அனுப்பி, வந்து பார்க்கிறாரா என்று எழுத்தில் கேளுங்கள். மூடிப் பூசிய பிறகு கேட்டால், பார்க்காத சேதத்துக்கு அவர் எப்படி எழுதுவார்? கையில் பணமில்லாமல் வேலை நிற்கிறது என்றால் 'ஆன் அக்கவுண்ட்' தொகை என்று முன்னதாக ஒரு பகுதியைக் கேட்டுப் பார்க்கலாம்.

வெட்டிவிட்டார்கள் என்றால்

சர்வே அறிக்கையின் நகலைக் கேளுங்கள். அது உங்களுக்குக் கிடைக்க வேண்டியது. உங்கள் எஸ்டிமேட்டையும் அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த வரியில் அளவு குறைந்தது, எதில் ரேட் குறைந்தது என்று குறியுங்கள். 'மொத்தமாகக் குறைத்துவிட்டீர்கள்' என்று எழுதும் கடிதத்துக்கு மொத்தமாகத்தான் பதில் வரும். "வரி 7, பெயின்ட், நாங்கள் கேட்டது 403 சதுர அடி, அனுமதித்தது 123, காரணம் என்ன?" என்று கேட்டால் யாராவது ஒருவர் கோப்பைத் திறந்து பார்த்தாக வேண்டும்.

'முழுமையாகப் பெற்றுக்கொண்டேன்' என்ற டிஸ்சார்ஜ் வவுச்சரில் கையெழுத்துக் கேட்பார்கள். கையெழுத்துப் போட்ட காரணத்தாலேயே கூடுதலாகக் கேட்கும் உரிமை போய்விடாது என்று ஐஆர்டிஏஐ 2015-இலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. இருந்தாலும் 'ஆட்சேபத்துடன் பெறுகிறேன்' என்று எழுதிப் போடுங்கள். நான் போடவில்லை.

முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். கூடவே ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா என்ற புகார்த் தளத்தில் பதிவு செய்யலாம். 155255 என்ற எண்ணுக்கும் பேசலாம். ஒரு மாதமாகியும் பதில் இல்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால், பாலிசிதாரர்களின் புகாரை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன். தமிழ்நாட்டுக்குச் சென்னை தேனாம்பேட்டையில் அலுவலகம். நிறுவனத்தின் இறுதிப் பதில் வந்த ஓராண்டுக்குள் போக வேண்டும். 50 லட்சம் வரை விசாரிப்பார்கள், கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், வைக்கவும் முடியாது. ஆம்புட்ஸ்மேன் தரும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். விசாரணையில் நீங்களேதான் பேச வேண்டியிருக்கும் என்பதால் அந்த அளவு நோட்டு, நீர்மட்டக் கோட்டுப் படம், வரிவாரியான ஒப்பீடு மூன்றையும் கையில் எடுத்துப் போங்கள். முடிந்தால் கான்ட்ராக்டரிடம் முன்கூட்டியே சொல்லி, அவருடைய பில்லின் அசலில் அவரது கையெழுத்தும் போன் நம்பரும் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.